‘இன்ஃபர்’ பண்ணிய கடிதமும் என் வேகன் ஆரும்

வாகன இன்சூரன்ஸ் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டு, கையில் ஓர் ஆங்கிலக் கடிதத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தபோது கேட்க ஆளில்லை. கணவர் கட்டாரில், அண்ணா கனடாவில். வெள்ளவத்தை வீட்டில் நானும் மாமியும்தான். மாமியிடம் சொன்னால் அவவுக்கு பிரஷர் ஏறும். கந்தோரில் சொன்னால், “இன்சூரன்ஸ்காரன் எண்டா அப்பிடித்தான், விட்டுட்டு வேலையைப் பாருங்கோ” என்பார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட காசை எப்படி விடுவது? நான் கணக்கு வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஆங்கில மெயிலோடுதான் சீவியம். வந்த கடிதத்தில் விளங்காத சொல் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ‘இன்ஃபர்’ என்ற ஒரு சொல்லை இத்தனை வருடமாக மேலோட்டமாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன் என்பது பிறகுதான் பிடிபட்டது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா, சித்தி, அவர்களின் மகன் மூவரும் டொரொண்டோவிலிருந்து வந்து இறங்கினார்கள். பெரியம்மா கேட்டதால் நான் என் வேகன் ஆர் காரில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அவர்களை ஏற்றினேன். ஹைவேயில் காசு கட்டும் இடத்தில் அந்த மாமா, “பெற்றோலுக்கும் சேர்த்து வையுங்கோ பிள்ளை” என்று 10,000 ரூபாயை ஒரு கடித உறையில் போட்டு டாஷ்போர்டில் வைத்துவிட்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நம்மாட்கள் அப்படித்தானே. பேலியகொட தாண்டி, புதுக் களனிப் பாலமும் தாண்டி ஒருகொடவத்தையில் சிக்னலுக்கு நின்றோம். நல்ல மழை. எனக்கு முன்னால் நின்ற கன்டெய்னர் லொறி கிளம்பும்போது பின்னுக்கு உருண்டு என் பொனட்டின் மேல் ஏறாத குறை. ரேடியேட்டர், பம்பர், இரண்டு ஹெட்லைட், முன் கண்ணாடி எல்லாம் போய்விட்டன. லொறிக்காரர் அப்படியே போய்விட்டார். மழையில் நம்பர்கூடப் பார்க்க முடியவில்லை. யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இன்சூரன்ஸ் கம்பனிக்கு அங்கிருந்தே அடித்தேன். சேதத்தை மதிப்பிடுகிற அவர்களின் அசெஸர் மோட்டார் சைக்கிளில், ரெயின்கோட்டோடு வந்தார். மரியாதையான மனிதர். காரைப் படமெடுத்தார், பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்த சூட்கேஸ்களையும் எடுத்தார். அடையாளத்துக்குக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய, விமான நிலையத்து ஸ்டிக்கர் கிழியாத பெட்டிகள். ஏன் அதை எடுக்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு மாமாவிடம் ஆங்கிலத்தில், “நீங்கள் இவவுக்கு உறவா?” என்று கேட்டார். மாமா பகிடியாக, “நொட் யெட்” என்றார். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்ததே, அதுதான். “காசு ஏதும் கொடுத்தீர்களா?” என்றதற்கு, “ஓம், பெற்றோலுக்குக் கொடுத்தனான்” என்றார். ஒரு சொல்லும் பொய்யில்லை. அசெஸர் எல்லாவற்றையும் எழுதி, என்னிடமும் மாமாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் பொலிஸில் என்ட்ரி போட்டுவிட்டு, காரைக் கட்டியிழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான கராஜில் விட்டோம். எஸ்டிமேட் 640,000 ரூபாய் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விபத்து நடந்த இடத்தில் அசெஸர் எழுதுகிற அந்தத் தாள்தான் பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் அத்திவாரம். கையெழுத்துப் போட முதல் அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தேன், கணக்காளர் புத்தி. ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் எழுதப்பட்டிருந்தால், பக்கத்திலேயே விளக்கத்தையும் எழுதச் சொல்லலாம். அதற்கு அவர்கள் மறுப்பதில்லை, மறுத்தால் அதையும் குறித்து வைக்கலாம்.

கடிதம் பல வாரங்கள் கழித்துத்தான் வந்தது. அதுவரை, “ஃபைல் மேலே போயிருக்கு மிஸ்” என்ற பதில்தான். ஒன்றரைப் பக்கம், மேலே ‘வித்அவுட் பிரெஜுடிஸ்’ என்ற வரி. பலர் இதைப் ‘பாரபட்சமில்லாமல்’ என்று வாசித்து, நியாயமாகத்தான் பார்த்திருக்கிறார்கள் போல என்று நினைப்பார்கள். இந்தக் கடிதத்தில் சொல்வதால் தங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். கீழே வரிசையாக: பயணிகள் மூவர், காப்புறுதிதாரருக்கு உறவினர் அல்லர், பயணப் பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து வந்தவர்கள், 10,000 ரூபாய் கொடுத்ததாகப் பயணியே ஒப்புக்கொண்டுள்ளார். அதற்குப் பிறகு அந்த வரி: ‘இட் கேன் ரீஸனப்ளி பி இன்ஃபர்ட்’ என்று தொடங்கி, விபத்து நேரத்தில் வாகனம் ‘ஹயர் ஓர் ரிவார்ட்’டுக்காக, அதாவது வாடகைக்கோ வேறு பிரதிபலனுக்கோ, ஓடியது என்று முடிந்தது. ஆகவே பொலிசியின் விலக்குப் பிரிவின்படி கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. நன்றி, வணக்கம். நான் ஹயர் ஓடினேனாம். வாசித்தபோது வந்தது கோபத்தைவிடக் கூடுதலாக அவமானம். களவெடுத்தவளைப் பார்க்கிற மாதிரி யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது.

கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த தங்கச்சி நல்ல பிள்ளை, ஆனால் அவவின் கையில் ஒன்றும் இல்லை. “மிஸ், அதில நிரூபிச்சாச்சு எண்டு போட்டிருக்கே” என்றா. எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். ‘இன்ஃபர்ட்’ என்ற இடத்தில் விரலை வைத்தா. எனக்கும் அந்த இடத்தில் சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ தவறாக இருக்கிறது என்று தெரிகிறது, எது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போய், உசாத்துணைப் பகுதியில் பெரிய அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் பார்க்கலாம்தான். ஆனால் போனில் ஒரு வரிப் பொருளோடு முடிந்துவிடும். எனக்கு அந்தச் சொல்லை எங்கே பாவிக்கலாம், எங்கே பாவிக்கக்கூடாது என்பதும் தேவைப்பட்டது.

‘இன்ஃபர்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘உள்ளே கொண்டு வருதல்’ என்பது அதன் மூலப்பொருள். கையில் இருக்கிற தகவல்களில் நேரடியாக இல்லாத ஒரு முடிவை நாம் உள்ளே கொண்டு வருகிறோம். கண்டது ஒன்று, முடிவு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு தாவல் இருக்கிறது. ‘புரூவ்’ என்றால் நிறுவுதல், ‘அப்ஸர்வ்’ என்றால் நேரில் காணுதல், ‘இன்ஃபர்’ இரண்டுமே இல்லை. ஆக, அந்தக் கடிதத்தை எழுதியவர் தன்னை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார்: நான் ஹயர் ஓடியதை யாரும் பார்க்கவில்லை, அது அவர்கள் தாவிப் பிடித்த முடிவு. உயர்தரத்தில் இந்து நாகரிகம் படித்தவர்களுக்குக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற அளவைகள், அதாவது அறியும் வழிகள், நினைவிருக்கும். இது கருதல். காட்சி இல்லை.

அதற்காகக் கருதல் என்றாலே பலவீனம் என்று எடுத்துவிடக்கூடாது. மணிமேகலையில் சமயவாதிகள் கருதலை வகைப்படுத்திச் சொல்லும் இடத்தில், ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று நிச்சயிப்பதும் ஒரு வகை. கொழும்பில் ஒரு துளி மழை இல்லாத நாளில் களனி கங்கை நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் ஏறுகிறதென்றால், மேலே மலைநாட்டில் பெய்திருக்கிறது என்று கரையோரச் சனம் சாமான் கட்டத் தொடங்கும். யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டுவதில்லை, கட்டாமல் இருந்தால் முட்டாள்தனம். ஆனால் அங்கேயும், ஆற்றின் மேற்பகுதியில் லக்ஷபான பக்கம் நீர்த்தேக்க வான்கதவுகளைத் திறந்துவிட்டார்களா என்று ஒரு கேள்வி கேட்கலாம். நல்ல கருதல் என்பது, வேறு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று தேடிப் பார்த்து, அவற்றைக் கழித்துவிட்ட பிறகு நிற்பது. எனக்கு வந்த கடிதத்தில் அந்தத் தேடல் ஒரு வரிகூட இல்லை.

நூலகத்தில் உட்கார்ந்து நான் செய்த பிரயோசனமான வேலை, கடிதத்தை மூன்று வரியாக உடைத்து எழுதியதுதான். ஒன்று: ஹயருக்கு ஓடும்போது நடந்த விபத்துக்குப் பொலிசி பொறுப்பேற்காது. இரண்டு: இந்த வாகனம் அப்போது ஹயருக்கு ஓடியது. மூன்று: ஆகவே இந்த விபத்துக்குப் பொறுப்பேற்காது. முதல் இரண்டும் சரியென்றால் மூன்றாவது தானாக வரும், அதில் யாரும் வாய் திறக்க முடியாது. ஆங்கிலத்தில் இதைத்தான் ‘டிடக்‌ஷன்’ என்பார்கள், முடிவு முன்வரிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கும். கடிதம் பார்க்கிறதுக்கு இரும்புப் பெட்டி மாதிரித் தெரிந்தது இதனால்தான். ஆனால் அந்த இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது? பெட்டி, காசு, ‘நொட் யெட்’, இந்த மூன்று அடையாளங்களிலிருந்து. அது வேறு ஜாதி. அடையாளங்களைப் பார்த்து, அவற்றுக்குப் பொருத்தமான விளக்கம் இதுவாக இருக்கலாம் என்று ஒன்றைப் பிடிப்பது. சார்ள்ஸ் பேர்ஸ் என்ற அமெரிக்கத் தருக்கவியலாளர் இதற்கு ‘அப்டக்‌ஷன்’ என்று தனிப்பெயரே வைத்து, டிடக்‌ஷனிலிருந்து பிரித்துக் காட்டினார். ஒரு பலமான சங்கிலியில் ஒரு வளையம் மட்டும் நூலாக இருந்தால், இழுக்க வேண்டிய இடம் அந்த நூல்தான். நானோ அதுவரை பொலிசி விலக்குப் பிரிவு நியாயமா, பிரீமியம் ஒழுங்காகக் கட்டினேனா என்று முதலாவது வரியோடுதான் மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் காசு கரைந்துகொண்டிருந்தது. கராஜ்காரர், “அக்கா, கோவிக்காதேங்கோ, இடம் இல்ல” என்று யார்ட் வாடகை போடத் தொடங்கினார். முடிவில் அது 45,000 ரூபாய். மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, நான் வேலைக்குப் போய்வர என்று ஓட்டோவுக்கும் பிக்மீ டாக்ஸிக்கும் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல். இதெல்லாம் எந்தக் கிளெய்மிலும் திரும்பி வராத காசு. மாமாவுக்கு எப்படியோ கதை போய்விட்டது. டொரொண்டோவிலிருந்து கோல் எடுத்து, “நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் பிள்ளை” என்று அழாக்குறை. அவரைச் சமாதானப்படுத்துவதே எனக்கொரு தனி வேலையாகப் போய்விட்டது. அந்த 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிடு என்று பெரியம்மா சொன்னா. நான் அனுப்பவில்லை. அப்போது திருப்பினால், பார்த்தாயா, வாங்கிய கூலியை மறைக்கப் பார்க்கிறாள் என்று இன்னொரு கருதலுக்கு வழி விட்டதாகிவிடும். பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போது நல்ல எண்ணத்தில் செய்கிற காரியமும் எதிர்ப்பக்கத்தில் வேறு மாதிரி வாசிக்கப்படலாம், யோசித்துச் செய்யுங்கள்.

நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் ஒரேயொரு ஆலோசனைக்காக 10,000 ரூபாய் கொடுத்தேன். மொத்தத்தில் பிரயோசனமாகப் போன காசு அதுதான். அவர் இரண்டு விஷயம் சொன்னார். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 101ஆம் பிரிவு, ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்லி அதன்மேல் உரிமை கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. விலக்குப் பிரிவைக் காட்டித் தப்பப் பார்ப்பது கம்பனி, ஆகவே வாகனம் ஹயர் ஓடியதென்று காட்டும் பாரம் அவர்களுடையது. நான் ஓடவில்லையென்று நிரூபிக்கும் பாரம் என் தலையில் இல்லை. கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் உடனே கையைக் காட்டி நிறுத்தினார். “சந்தோசப்படாதேங்கோ. 114ஆம் பிரிவும் இருக்கு. வழமையா உலகம் எப்பிடி நடக்குதோ அதை வைச்சு ஒரு விசயத்தை நீதிமன்றம் ஊகிச்சுக்கொள்ளலாம்.” கொலை வழக்கென்றால் சந்தர்ப்ப சாட்சியத்துக்கு வேறு எந்த நியாயமான விளக்கமும் இருக்கக்கூடாது. இது சிவில் விஷயம், எது கூடுதல் சாத்தியமோ அதுதான் வெல்லும். ‘ரிவார்ட்’ என்ற சொல்லும் அகலமானது, பெற்றோல் காசையும் அதற்குள் இழுக்கப் பார்ப்பார்கள் என்றார். “அவை சொன்ன கதையை விட உங்கட கதை நம்பக்கூடியதா இருக்கவேணும். கடுதாசியோட.” அவ்வளவுதான். பதினைந்து நிமிடமும் ஆகவில்லை.

பதில் கடிதத்தை நானே எழுதினேன். முதல் பந்தியில், அசெஸரின் தாளில் உள்ள எதை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினேன்: பயணிகள் மூவர், பெட்டிகள், 10,000 ரூபாய், எல்லாம் உண்மை. இது முக்கியம். உண்மையான தகவலை மறுத்தால் அடுத்துச் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள். இரண்டாவது பந்தியில், இந்தத் தகவல்களிலிருந்து உங்கள் முடிவு எப்படி வருகிறது என்று கேட்டேன். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வருகிறவர்களை ஏற்றி, அவர்களிடம் காசு வாங்குகிற எல்லோரும் ஹயர் ஓடுகிறவர்கள் என்று ஒரு வரி நடுவே இருந்தால்தான் அந்த முடிவு வரும். அந்த வரியை அவர்கள் எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் வாசிக்கிறவருக்கே சிரிப்பு வரும். கொழும்பில் சொந்தக்காரரைக் கூப்பிடக் கட்டுநாயக்காவுக்குப் போகாத ஆள் யார்? இப்படி மறைந்து நிற்கிற வரியை ஆங்கிலத்தில் ‘அஸம்ப்ஷன்’ என்பார்கள். நிராகரிப்புக் கடிதம் எது வந்தாலும், அதை வெளியே இழுத்து முழு வசனமாக எழுதிப் பாருங்கள். சொல்லாமல் இருக்கும்வரைதான் அது பலமாகத் தெரியும்.

மூன்றாவது பந்திதான் நீளம்: அதே தகவல்களுக்கு என் விளக்கம், ஒவ்வொன்றுக்கும் கடுதாசி. ‘நொட் யெட்’ என்பதற்குக் கல்யாணக் காட். அதில் மாப்பிள்ளையின் தகப்பனுடைய தகப்பன் பெயரும் மாமாவின் கடவுச்சீட்டில் உள்ள தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்ததால், இருவரும் அண்ணன் தம்பி என்று காட்ட முடிந்தது. காட் தமிழில் இருந்ததால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்தேன். பெரியம்மா என்னைப் போகச் சொல்லிக் கேட்ட வாட்ஸ்அப் தகவல்களையும் அப்படியே. (“பிள்ளை பிளைட் பிந்துதாம், சாப்பிட்டுட்டுப் போ” என்பதையும் மொழிபெயர்ப்பாளர் முழு மரியாதையோடு மொழிபெயர்த்திருந்தார்.) மாமா குடும்பம் திரும்பிப் போகுமுன்பே, வெள்ளவத்தையில் ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து வைத்திருந்தேன். விபத்தில் வெளிநாட்டுக்காரர் சாட்சியாக இருந்தால் அவர்கள் விமானம் ஏற முதல் இதைச் செய்துவிடுங்கள். பிரச்சினை வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு தூதரகம், தபால் என்று அலைய வேண்டிவரும்.

பிறகு நானும் கொஞ்சம் ‘இன்ஃபர்’ பண்ணினேன். சேர்விஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், வாங்கிய நாளிலிருந்து கார் வருடத்துக்கு 6,000 கிலோமீற்றர் சொச்சம்தான் ஓடியிருக்கிறது. ஹயர் ஓடுகிற வாகனம் இரண்டு மூன்று மாதத்திலேயே அதை ஓடிவிடும். என் பேங்க் ஸ்டேட்மென்டில் சம்பளத்தையும் கட்டாரிலிருந்து வருவதையும் தவிர வேறு வரவில்லை. இதை எழுதும்போது ‘இதனால் நான் ஹயர் ஓடவில்லை என்பது நிரூபணமாகிறது’ என்று போடக் கை போனது, நிறுத்திவிட்டேன். ஒரேயொரு தடவை ஓடியிருக்கலாமே என்று அவர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். ஆகவே, இவை வழக்கமாக ஹயர் ஓடும் வாகனத்துக்குப் பொருந்தாத அடையாளங்கள், என் விளக்கத்தோடுதான் கூடுதலாகப் பொருந்துகின்றன என்று மட்டும் எழுதினேன். கையில் இருக்கிற ஆதாரம் தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூடப் போடக்கூடாது. அவர்கள் விழுந்த குழியில் நாமும் விழக்கூடாதல்லவா.

ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். தகவலிலிருந்து முடிவை எடுக்கிறவர் ‘இன்ஃபர்’ பண்ணுகிறார், மறைமுகமாக உணர்த்துகிறவர் ‘இம்ப்ளை’ பண்ணுகிறார். மாமாவின் பேச்சு எதை ‘இம்ப்ளை’ பண்ணியது என்பது வேறு, கம்பனி அதிலிருந்து எதை ‘இன்ஃபர்’ பண்ணியது என்பது வேறு. இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு, ஆனால் எதிர்ப்பக்கக் கடிதத்தில் அப்படி இருந்தால் இலக்கணம் பிடித்துச் சண்டைக்குப் போகாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் தோமஸ் மோர் எழுத்திலேயே அந்தக் கலப்பு இருக்கிறதாம். ‘பிரிஸ்யூம்’ என்றால் மறுதலிக்கப்படும்வரை அப்படி வைத்துக்கொள்வது, அதற்கு எதிர் ஆதாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ‘டீம்ட்’ என்ற சொல் வந்தால்தான் கவனம். உண்மை என்னவாக இருந்தாலும் இப்படித்தான் கருதப்படும் என்று ஒப்பந்தமே தீர்மானித்துவிட்ட இடம் அது. அங்கே ‘உண்மையில் அப்படி இல்லை’ என்று வாதாடுவதில் பலன் குறைவு, அந்தப் பிரிவு எனக்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கடிதத்தில் ‘இன்ஃபர்ட்’ இருந்தது, ‘டீம்ட்’ இருக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

பதிவுத் தபாலில் அனுப்பி, மெயிலிலும் போட்டேன். முதலில் வந்தது, ‘எங்கள் முந்தைய நிலைப்பாட்டில் மாற்றமில்லை’ என்ற இரண்டு வரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அடுத்த நாள் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு முறைப்பாட்டைத் தயார் பண்ணினேன். இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் என்றால் கொழும்பில் தெரியும். முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அங்கே போகலாம். அந்த இரண்டு வரிக் கடிதம் அதற்குத்தான் உதவியது, ஆகவே மொட்டைப் பதில் வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், இன்சூரன்ஸ் கம்பனிகளை ஒழுங்குபடுத்துகிற ஆணைக்குழுவுக்கும் அனுப்பினேன். அசெஸரின் தாளில் எந்த வரி ஹயர் என்பதைக் காட்டுகிறது என்று கேட்ட என் கேள்விக்கு, இரண்டு கடிதத்திலும் பதில் இல்லை என்பதை முதல் வரியாகப் போட்டேன்.

விசாரணை வரைக்கும் போகவில்லை. கம்பனியிலிருந்து ஒரு மனேஜர் கோல் எடுத்தார். “மிஸ், உங்கட டொகியுமென்ட்ஸ் எல்லாம் திரும்பப் பார்த்தம்” என்று தொடங்கினார். முதல் தடவை ஏன் பார்க்கவில்லை என்று கேட்க வாய் வந்தது, விழுங்கிவிட்டேன். முதலில் எஸ்டிமேட்டில் பாதிக்குத் தருகிறோம், நல்லெண்ணக் கொடுப்பனவாக என்றார். நல்லெண்ணம் என்றால் கடன் இல்லை, தானம் என்று அர்த்தம். நான் ஹயர் ஓடினேன் என்ற முடிவு அப்படியே ஃபைலில் இருக்கும், அடுத்த வருடம் பொலிசி புதுப்பிக்கும்போது அது எழும்பி வரும். நிராகரிப்பை வாபஸ் வாங்கி எழுத்தில் தந்தால்தான் தொகையைக் கதைக்கலாம் என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னேன். இன்னும் சில வாரம் இழுத்து, கடைசியில் அந்தக் கடிதமும் வந்தது. எக்ஸஸ், அதாவது காப்புறுதி எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கு, 25,000 ரூபாயும், பழைய பாகங்களுக்குத் தேய்மானமாக 38,000 ரூபாயும் கழித்து 577,000 ரூபாய். தேய்மானத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பிருக்கவில்லை. அது பொலிசியில் ‘இன்ஃபர்’ இல்லாமல் நேரடியாகவே எழுதப்பட்டிருந்தது.

காசோலை தருமுன் ஒரு டிஸ்சார்ஜ் படிவம் வைப்பார்கள். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று அதில் இருக்கும், கையெழுத்துப் போட்டால் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே அன்றைக்குக் கராஜ்காரரைக் கூப்பிட்டு, உள்ளே மறைந்திருக்கிற சேதம் ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். ஏசி கன்டென்ஸரில் ஒரு கசிவு இருந்தது, எஸ்டிமேட்டில் சேராதது. அதைப் படிவத்திலேயே கையால் எழுதிச் சேர்த்து, இரண்டு பக்கமும் இனிஷியல் போட வைத்தேன். கவுண்டரிலிருந்த அதே தங்கச்சிதான் ஸ்டாம்ப் அடித்துத் தந்தா.